இருபத்து நாலாம் தேதிப் பொட்டலம்

டிசம்பர் இருபத்து நாலாம் தேதி காலையில் ஈப்போவில் எங்கள் சிலிபின் சந்தில் ஒரு வீட்டுக் கதவும் திறந்திருக்காது. மற்ற நாட்களில் முன்கதவு, பின்கதவு, ஜன்னல் எல்லாம் பப்பரப்பே என்று திறந்து கிடக்கும். யார் வீட்டில் என்ன குழம்பு என்பது சந்து முனையில் இருப்பவருக்கும் தெரியும். அன்றைக்கு மட்டும் எல்லாருக்கும் திடீரென்று பாசாரில் சாமான் வாங்கும் வேலை வந்துவிடும். சுங்கை சிப்புட்டில் இருக்கும் சித்தப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய்விடும். போக இடமில்லாத நாங்கள் தாழ்ப்பாள் போட்டு, ரேடியோவை அணைத்துவிட்டு, இருமல் வந்தால்கூட வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

இத்தனையும் ஒரு கிறிஸ்துமஸ் பரிசுக்குப் பயந்து. சிரிப்பவர்கள் சிரியுங்கள். அந்தச் சந்தில் குடியிருந்திருந்தால் நீங்களும் தாழ்ப்பாள் போட்டிருப்பீர்கள்.

பரிசு கொண்டுவருபவரை நாங்கள் வேதக்காரக்கா என்று கூப்பிட்டோம். பெயர் இருந்தது. தன் பெயர் எழுத்தில் வருவது அவருக்கு ஆகாது, சம்பளச் சீட்டில் பார்த்தாலே முகம் சுளிப்பார். எனவே நானும் எழுதப்போவதில்லை. எழுபதுகளின் பின்பாதியில் நான் கல்யாணமாகி அந்தச் சந்துக்கு வந்தபோது அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. எங்கள் பின்கதவுக்கு நேர் எதிரே அவருடைய பின்கதவு, நடுவில் ஒரு சாக்கடையும் துணி காயப்போடும் கொடியும். தனியாக இருந்தார். புருஷன் இருந்தாரா, போனாரா என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் அவர் பார்க்கும் பார்வையைத் தாங்க வேண்டுமே.

பெரிய ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பகுதியில் அவருக்கு வேலை. நாள் முழுக்க விரிப்புகளையும் உறைகளையும் விரித்துப் பார்த்துக் கறை தேடுகிற பிழைப்பு. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் ஓய்வெடுக்காது. ஒருவரிடம் பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டார். கழுத்து, தோள், விரல், புடவைக் கரை, செருப்பு என்று மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே போவார். எங்கேயாவது ஓரிடத்தில் நின்றுவிட்டால் நாமும் அங்கே என்ன கறை என்று குனிந்து பார்ப்போம்.

கறி, மீன், முட்டை எதுவும் தொட மாட்டார். பாலும் இல்லை, தயிரும் இல்லை, நெய்யும் இல்லை. கடையில் பால் இல்லாத கோப்பி ஓ என்று சொல்லிவிட்டு, கடைக்காரத் தௌக்கே பழக்கதோஷத்தில் டின் பாலை ஊற்றிவிடுவாரோ என்று எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருப்பார். கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டில் கேக் கிடையாது. வாழைப்பழத்தையும் தேங்காய்ப் பாலையும் குலா மலாக்கா வெல்லத்தையும் மாவோடு பிசைந்து, வாழை இலையில் மடித்து ஆவியில் வேகவைப்பார். எங்கள் மாதிரி மார்கழி விரதம் இருக்கும் வீடுகளுக்கு அது சௌகரியம். அவருடைய வேதக் கோயில் ஆட்களுக்குத்தான் எரிச்சல்.

"வேதத்துல எங்கயும் முட்டை திங்கக்கூடாதுன்னு போடலையே, ஏன்க்கா இந்தப் பிடிவாதம்?" என்று ஒரு அம்மா கேட்டார்.

"தின்னே ஆகணும்னும் போடலலா," என்றார் இவர்.

பரிசு விஷயத்தில் அவருக்கு இரண்டு வழக்கங்கள். ஒன்று, காசு கொடுத்து வாங்க மாட்டார். பழைய சேலை, பாக்கு மட்டை, ரோத்தான் பிரம்புத் துண்டு, கோணிச் சாக்கு, விழுந்த கிளை என்று யாருக்கும் வேண்டாததில்தான் எல்லாம் செய்வார். இன்னொன்று, இருபத்து நாலாம் தேதி விடியும் வரைக்கும் யாருக்கு என்ன என்று யோசிக்கவே மாட்டார். மற்றவர்கள் ஒரு மாதமாக டப்பா பிஸ்கட்டும் காகிதமும் வாங்கிச் சேர்க்கும்போது இவர் சும்மா இருப்பார். அன்றைக்குக் காலையில் ஒரு சுற்று வருவார், எல்லாரையும் பார்ப்பார். மத்தியானம் பின்வாசலில் உட்கார்ந்து செய்வார். பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விடுவார்.

"ஏன்க்கா, முன்னாடியே செஞ்சு வெச்சா சுசா இல்லையே, கஷ்டப்படாம இருக்கலாமே?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"முன்னாடி செஞ்சா அது அன்னிக்கு நீ எப்படி இருந்தியோ அதுக்குச் செஞ்சது. குடுக்குற அன்னிக்கு நீ வேற ஆளா இருப்பே. யாருக்கு எது வேணும்னு கடேசி நாள்லதான் தெரியும்லா," என்றார்.

எங்கள் முதல் கிறிஸ்துமஸுக்கு என் வீட்டுக்காரருக்கு ஒரு கண்மறைப்பு கொண்டுவந்தார். கறுப்புச் சேலைத் துணியில் இலவம்பஞ்சு வைத்துத் தைத்தது. இவருக்கு ஜெலாப்பாங்கில் பேக்டரி வேலை, பாதி நாள் ராத்திரி ஷிப்ட். பகலில் தூங்க முடியாமல் தகர ஓட்டின் இடுக்கில் வரும் வெயிலைத் திட்டிக்கொண்டே புரளுவார். அதை மாட்டிக்கொண்ட அன்றைக்கு அடித்துப் போட்ட மாதிரி தூங்கினார். கோயில் பாதருக்கு அந்த வருஷம் பாக்கு மட்டை விசிறி. பிரசங்கத்தில் மனிதர் அப்படி வியர்ப்பார். எனக்கு அந்தக்காவை ரொம்பப் பிடித்துப்போனது. இவ்வளவு யோசித்துக் கொடுக்கிறவர் யார் இருக்கிறார்கள் என்று மாமியாரிடம் பெருமையாகச் சொன்னேன்.

பயம் அடுத்த வருஷம் வந்தது.

சந்து முனையில் லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் இருந்தார். நல்ல தேகக்கட்டு, வெடிச்சிரிப்பு. அவருக்குக் காப்பிக் கட்டையில் ஒரு கைத்தடி செய்து கொடுத்தார் வேதக்காரக்கா. "என்னக்கா, அதுக்குள்ள என்னக் கெழவனாக்கிட்டீங்க?" என்று அண்ணன் அதைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டினார். தையல்காரர் மனைவிக்குக் கோணிச் சாக்கில் ஒரு பெரிய பை, இரண்டு பக்கமும் தோளில் மாட்டுகிற மாதிரி கெட்டியான வார். எனக்கு ஒரு கட்டுத் துணி. பழைய பருத்திச் சேலையைக் கிழித்து, வெந்நீரில் போட்டு எடுத்து, மடித்து மடித்து அடுக்கிய மெத்தென்ற துண்டுகள். என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சீனப் பெருநாள் வருவதற்குள் தையல்காரர் மனைவி அந்தப் பையில் துணிமணிகளை அடுக்கிக்கொண்டு தைப்பிங்குக்கு, அம்மா வீட்டுக்கு, போயே போய்விட்டாள். தைப்பூசம் முடிந்த கையோடு லாரி அண்ணனுக்குக் காலில் ஒரு புண் வந்தது. சக்கரை வியாதி என்றார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அவர் அந்தக் காப்பிக் கட்டையை ஊன்றிக்கொண்டுதான் இறங்கினார்.

எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷ நடுவில் எனக்கு வயிற்றில் ஒன்று தங்காமல் போயிருந்தது. மறுபடி நின்றிருந்தது அந்தத் துணிக்கட்டு வந்தபோது. அது எனக்கும் வீட்டுக்காரருக்கும் மட்டும் தெரியும், மாமியாருக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. ஜனவரியில் ஒரு மத்தியானம் அதுவும் போய்விட்டது. அலமாரியில் கை விட்டபோது முதலில் அகப்பட்டது அந்தத் துணிகள்தான். எத்தனை வேண்டியிருந்ததோ அத்தனை இருந்தன.

மாமியார் மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு, "அவ கைல எதையும் வாங்காத. அவ குடுக்கல, வரவெக்கிறா," என்றார். சந்து முழுக்க அதே பேச்சு. தையல்காரர் தெருவில் நின்று குடும்பத்தைப் பிரித்தவள் என்று கத்தினார். வேதக்காரக்கா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றி வீட்டில் பேசக்கூடாது என்று மாமியார் சட்டம் போட்டார். "பேர் வெக்காதது, மொகம் பாக்காதது. பேசினா பின்னாடியே நிக்கும். அடுத்தது வரும், பாத்துக்கலாம்," என்றார். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அடுத்தது வரும், அடுத்தது வரும் என்றே சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் தலையாட்டிக்கொண்டேன்.

மாமியார் கடைக்குப் போன ஒரு நேரத்தில் வேதக்காரக்கா பின்வாசலுக்கு வந்து உட்கார்ந்தார். எழுந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. உடம்பில் தெம்பில்லை.

"நான் ஏன் பால் குடிக்கிறதில்ல தெரியுமா?" என்று அவராகவே ஆரம்பித்தார். "தஞ்சோங் மாலிம் பக்கம் தோட்டத்துல, நாங்க இருந்த லயத்து வீட்டுப் பின்னால எங்கப்பா மாடு வெச்சிருந்தாரு. கன்னு செத்துப்போச்சு. கன்னு இல்லாட்டி மாடு பால் எறக்காதுலா. அப்பா கன்னுத் தோல உரிச்சு, உள்ள வைக்கோல் அடைச்சு, நாலு குச்சி வெச்சு நிக்கவெச்சிட்டாரு. மாடு அத நக்கும், நக்க நக்க இவரு கறப்பாரு."

நான் காலை இழுத்து மடக்கிக்கொண்டேன்.

"மாடு ஏமாந்துபோச்சுன்னு எல்லாரும் சிரிச்சாங்க. நான் கிட்டப் போய்ப் பாத்தேன். அதுக்குத் தெரியும், தங்கச்சி. கண்ணப் பாத்தா தெரியும். தெரிஞ்சுதான் நக்கிக்கிட்டு நின்னுச்சு." புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "அன்னிக்கு விட்டேன்."

அவ்வளவுதான். ஆறுதல் சொல்ல வந்தவர் சொல்லுகிற கதையா இது? வைக்கோல் தைத்த அந்தக் கன்று கண்ணை மூடினால் வந்து நின்றது. ஆனால் அடுத்தது வரும் என்று அந்த ஒரு வாய் மட்டும் சொல்லவில்லை, அதையும் கவனித்தேன்.

அதற்கடுத்த கிறிஸ்துமஸிலிருந்துதான் சந்தில் கதவு சாத்துகிற வழக்கம் வந்தது. அவரும் வழக்கம்போல் சுற்றி வந்தார். சாத்திய கதவுகளைப் பார்த்தார், செய்ததை வாசல்களில் வைத்துவிட்டுப் போனார். பலர் அதைக் குச்சியால் தள்ளிக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள். லாரி அண்ணன் மட்டும் தடியை ஊன்றிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். "இனிமே என்ன எடுக்கப்போறாங்க, விடு," என்பார்.

மறுவருஷம் எனக்கு மூன்றாவது நின்றது. இந்த முறை ஏழாம் மாதம் வரைக்கும் வந்துவிட்டது. வயிறு தெரிய ஆரம்பித்ததிலிருந்து நான் அந்தக்கா கண்ணில் படவில்லை. அவர் வேலைக்குப் போன பிறகு துணி காயப்போட்டேன், வருவதற்குள் எடுத்தேன். பிள்ளைக்கென்று ஒரு சின்னத் துணிகூட வீட்டில் இல்லை. பிறப்பதற்கு முன்னால் பிள்ளைச் சாமான் வாங்குவதோ வைப்பதோ எங்களில் கிடையாது. தொட்டில் துணிக்கு ஆகும் என்று நான் மனதில் குறித்துவைத்த சேலையைக்கூட மாமியார் கண்ணில் படாமல் அலமாரி அடியில் வைத்திருந்தேன். தினமும் கும்பிட்டது ஒன்றுதான். அவர் என்னைப் பார்க்கக்கூடாது.

இருபத்து நாலாம் தேதி வந்தது. என் வீட்டுக்காரருக்குக் காலை ஷிப்ட். மாமியார் உப்பையும் காய்ந்த மிளகாயையும் எனக்குச் சுற்றி அடுப்பில் போட்டுவிட்டு, நெடி தலைக்கேறப் படுத்துவிட்டார். நான் பின்கதவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தேன். செருப்புச் சத்தம் சாக்கடையைத் தாண்டி வந்து கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது.

"தங்கச்சி."

மூச்சை அடக்கிக்கொண்டேன்.

"உள்ள இருக்கேன்னு தெரியுதுலா. தொறக்க வேணாம்."

"அக்கா, என்னைப் பாக்காதீங்க!" என்று கத்திவிட்டேன். அழுகையும் வந்துவிட்டது. "ஒங்களக் கும்புடுறேன், ஒண்ணும் குடுக்காதீங்க. இது ஒண்ணாவது எனக்குத் தங்கட்டும்."

கதவு இடுக்கில் காதை வைத்தேன். போய்விட்டாரோ என்று நினைத்தேன்.

"நான் எங்க பாக்குறேன்? கதவத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறேன்," என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "லாரித் தம்பி ஒண்ணுக்குப் போற சாக்கடையில எறும்பு மொச்சிக்கிட்டு இருந்துச்சு. ஒத்தைச் செருப்பு ஒரு பக்கமாத் தேஞ்சிருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொன்னேன், சிரிச்சாரு. தையக்காரர் சம்சாரம் முழுக்கை ரவிக்கை போட்டா, இந்த வெயில்ல. உள்ள கன்னிப்போயிருந்துச்சு. நீ உன் பாவாடைய வேற துணிக்கு அடியில காயப்போட்டிருந்தே. ஓரத்துல கறை சரியாப் போகல. நான் எதையும் வரவெக்கல, தங்கச்சி. வந்ததத்தான் பாத்தேன்."

உண்மைதான். அந்த டிசம்பரில் சொட்டுச் சொட்டாகப் பட்டதை நான் யாருக்கும் சொல்லாமல் துவைத்து ஒளித்தேன். சொன்னால் நிஜமாகிவிடும் என்று பயம். ஒளித்ததையும் ஒருவர் பார்த்திருக்கிறார் என்றால் அது ஆறுதலாகவா இருக்கும்? எனக்குப் பயம் இன்னும் அதிகமாகத்தான் ஆனது.

"அப்ப இந்த வருஷம் என்ன பாத்தீங்க?" என்றேன்.

"எங்க பாக்க விட்டே நீ?" என்றார். கீழே ஏதோ வைக்கிற சத்தம். "இத இப்பப் பிரிக்காத. மாசி முடியட்டும்."

சாயங்காலம் இவர் வந்துதான் கதவைத் திறந்தார். பாக்கு மட்டையில் சுற்றி, ரோத்தான் நாரால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, முடிச்சின் மேல் முடிச்சாகப் போட்ட ஒரு பொட்டலம். இவர் கையில் எடுத்தார். உள்ளே கடகடவென்று ஏதோ உருண்டது.

"ஐயோ, கீழ போடுடா!" என்று மாமியார் அலறினார். "என்னமோ அடைச்சுக் குடுத்திருக்கா. ஆத்துல விட்டுட்டு வா."

இவர் ஆற்றுக்குப் போகவில்லை. "அந்தக்கா தெச்சுக் குடுத்ததப் போட்டுக்கிட்டுத்தான் நான் தெனம் தூங்குறேன். எனக்கு என்ன ஆயிப்போச்சு?" என்று சொல்லிவிட்டுப் பின்சுவரில் ஓர் ஆணியில் மாட்டினார். வீட்டுக்குள் கொண்டுவர மாமியார் விடவில்லை, எறிந்துவிட இவர் விடவில்லை. அதனால் அது அங்கேயே தொங்கியது.

அந்தச் சத்தத்தை நான் எப்படிச் சொல்வது? ஈப்போவில் அந்த மாதங்களில் மத்தியானமானால் இருட்டிக்கொண்டு காற்றடிக்கும். காற்றடித்தால் பொட்டலம் சுவரில் மோதும், உள்ளே கடகடக்கும். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கை நின்றுவிடும். சில நாள் காற்றே இல்லாமல் அது சத்தம் போட்ட மாதிரி இருக்கும், ஓடிப்போய்ப் பார்த்தால் அசையாமல் தொங்கும். வயிற்றில் பிள்ளை புரளாமல் இருந்த நேரமெல்லாம் அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். பிரித்துப் பார்த்துவிடலாம் என்று ஒருமுறை அரிவாளை எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே இருப்பது மறுபடியும் மடித்த துணியாக இருந்தால் என்ன செய்வேன் என்று நினைத்துத் திரும்பிவிட்டேன். துணி கடகடக்காது என்பதுகூட அப்போது புத்தியில் ஏறவில்லை.

பொங்கல் கழிந்த ஒரு மத்தியானம், குளிக்கப் போனபோது பாவாடையில் சிவப்பாகத் தெரிந்தது.

உடனே தண்ணீரை மொண்டேன், கழுவிவிட. கை பழக்கத்தில் போனது. சொம்பைப் பாதியில் நிறுத்தினேன். இவர் ராத்திரி ஷிப்ட் முடிந்து கண்மறைப்பைக் கட்டிக்கொண்டு தூங்குகிறார். மாமியாரிடம் சொன்னால் மிளகாய் சுற்றுவார். வெளியே பொட்டலம் கடகடத்துக்கொண்டிருந்தது. எதிர்வாசலில் வேதக்காரக்கா கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். அன்று அவருக்கு லீவு.

கதவைத் திறந்தேன். அத்தனை நாள் ஒளித்த வயிற்றோடு அவர் முன்னால் போய் நின்றேன். அந்தப் பாவாடையை நீட்டினேன்.

"அக்கா, பாருங்க," என்றேன். "நல்லாப் பாருங்க."

அவர் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். மூக்கருகே கொண்டுபோனார். என் காலைப் பார்த்தார், வீங்கியிருந்த கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினார். குழி விழுந்தது, எழும்பவில்லை. அவர் முகம் மாறியதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

"வலி இருக்கா?"

"இல்லக்கா. தலைதான் ரெண்டு நாளா இடிக்குது."

"நடக்காத. அப்படியே உக்காரு," என்றார். பிறகு எங்கள் வீட்டுக்குள் செருப்போடு போய், என் வீட்டுக்காரர் கண்ணிலிருந்து அந்தக் கறுப்புத் துணியைப் பிடுங்கினார். "எந்திரி தம்பி! டாக்சி கூப்புடு. இப்பவே!"

மாமியார் வழிமறித்தார். "நீ யாருடி எம் மருமகளத் தொட?"

"திட்டுறத வண்டியில உக்காந்து திட்டுங்கம்மா. நீங்களும் ஏறுங்க," என்றார். கறைபட்ட பாவாடையை மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் அதை விரித்துக் காட்டினார்.

என்னை அங்கேயே படுக்கவைத்துவிட்டார்கள். ரத்தக் கொதிப்பு ஏறியிருந்ததாம். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் இரண்டு பேருக்கும் ஆபத்து என்று டாக்டர் சொன்னார். மாசி வரைக்கும் அந்தக் கட்டிலில் கிடந்தேன். வேதக்காரக்கா வேலை முடிந்து தினமும் வந்து காலருகே நிற்பார். கணுக்காலைப் பார்ப்பார், போர்வையைப் பார்ப்பார், தலையணையைப் பார்ப்பார். ஒன்றும் பேசாமல் போனால் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவேன். மாசியில் பிள்ளை பிறந்தது. பெண். முதல் அழுகையைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, நின்றுவிடுமோ என்ற பயம்தான் வந்தது. அது நிற்காமல் அழுதது.

வீட்டுக்கு வந்து, மாசியும் முடிந்தபின் ஒரு காலையில் மாமியாரே அந்தப் பொட்டலத்தை ஆணியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தார். "பிரி," என்றார். நார் காய்ந்து இறுகியிருந்தது, அரிவாளால் அறுத்தேன்.

உள்ளே ஓலையில் பின்னிய கிலுகிலுப்பைகள். தென்னங்கீற்றைப் பந்து மாதிரி மடித்துப் பின்னி, ஒரு பிடி வைத்து, உள்ளே ரப்பர் கொட்டைகளைப் போட்டது. தோட்டத்தில் பிள்ளைகளுக்குச் செய்து கொடுப்பார்களே, அது. பிறப்பதற்கு முன்னால் பிள்ளைச் சாமான் கண்ணில் படக்கூடாது என்று அவருக்கும் தெரியும். அதற்காகத்தான் அத்தனை முடிச்சு.

மூன்று இருந்தன.

ஒன்று ரொம்பச் சின்னது, கைப்பிள்ளை விரலுக்குள் அடங்குவது. ஒன்று அதைவிடப் பெரிது, எழுந்து நின்று நடை பழகும் பிள்ளை பிடிக்கிற அளவு. இன்னொன்று நல்ல பெரிது, தெருவில் ஓடியாடுகிற பிள்ளைக்கு.

வீட்டில் பேசக்கூடாதென்று வைத்திருந்த இரண்டுக்கும் ஒருவர் உட்கார்ந்து வயது கணக்குப் போட்டிருக்கிறார். நான் வாய்விட்டு அழுதேன். அந்த ஜனவரியில் அழாததையெல்லாம் சேர்த்து அழுதேன். மாமியார் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அந்தப் பெரியதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"மூத்தது பையனா இருந்திருக்கும். எனக்கு அப்பவே தோணுச்சு," என்றார்.

அந்த வருஷம் டிசம்பர் இருபத்து நாலாம் தேதி நான் விடியற்காலையிலேயே பின்கதவைத் திறந்து வைத்தேன். தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். தாழ்ப்பாளை இரண்டு முறை போட்டுப் போட்டு எடுத்த பிறகுதான் திறந்தேன். மகள் தரையில் உட்கார்ந்து சின்னக் கிலுகிலுப்பையைக் கடித்துக்கொண்டிருந்தாள். லாரி அண்ணன் வீட்டுத் தென்னையிலிருந்து ஒரு கீற்றை வாங்கி வந்து பக்கத்தில் வைத்திருந்தேன்.

வேதக்காரக்கா வந்தார். வழக்கம்போல என் கழுத்திலிருந்து இறங்க ஆரம்பித்தார். அன்று நானும் அவரைப் பார்த்தேன். அவர் பார்க்கிற மாதிரியே பார்த்தேன். சோப்புத் தண்ணீரில் வெடித்த விரல்கள். ஒருவருக்கு மட்டும் உலை வைக்கிற வீட்டுக் கரி படிந்த முந்தானை. என் மகள் கிலுகிலுப்பையை ஆட்டியபோது அந்தப் பக்கமே திரும்பாத கழுத்து. சந்தில் எத்தனையோ பிள்ளைகள் பிறந்தன. ஒன்றைக்கூட அவர் கையில் வாங்கி நான் பார்த்ததில்லை.

கீற்றை அவர் பக்கம் நகர்த்தினேன். கேட்டேன்.

"அக்கா, ஒங்களுக்கு எத்தன பின்னணும்?"

அவர் பார்வை என் காலுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. நின்றுவிட்டது. மெல்ல நிமிர்ந்து, முதல்முறையாக, என் முகத்தைப் பார்த்தார்.

"ஒண்ணு," என்றார். கீற்றைத் தொட்டுக்கொண்டே, "ஆனா பெருசாப் பின்னணும்லா. இருந்திருந்தா இப்ப உன் வயசு," என்றார்.

நான் ஓலையைக் கையில் எடுத்தேன். எங்கே மடிக்க ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, கண்ணும் தெரியவில்லை. அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் மடிப்பைத் தானே போட்டுக் கொடுத்தார்.